சிந்தனைக் குழுக்களும் அரசின் கொள்கைகளும்: கேளுங்கள், சொல்கிறேன்

(சிந்தனைக் குழு, அதாவது திங்க் டேங்க் என்பது, அரசு என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து பரிந்துரை எழுதும் அமைப்பு. பல வருடங்களாகக் கொள்கை ஆய்வறிக்கை எழுதும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.)

கேள்வி: சார், இந்த திங்க் டேங்க்குகளுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லையே, அரசு ஏன் அவர்கள் பேச்சைக் கேட்கிறது?

பதில்: கேட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் புதிதாக வரும் அமைச்சர் சில வாரங்களிலேயே ஏகப்பட்ட விஷயங்களில் முடிவெடுக்க வேண்டும், அதிகாரிகளுக்கோ அன்றாடக் கோப்புகளைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும், அந்த நேரத்தில் செலவுக் கணக்கு முதல் சட்ட வரைவு வரை தயாராகக் கொண்டுவந்து நீட்டுபவரின் தாள்தான் மேசையில் முதலில் விரியும். 1981 ஜனவரியில் ரீகன் அமெரிக்க அதிபரானபோது ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரிச் சிந்தனைக் குழு துறைவாரியாக ஆயிரம் பக்கத்துக்கு மேல் பரிந்துரைகளை எழுதி முடித்திருந்தது. தேர்தல் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதியிருந்தால் யார் காத்திருப்பார்கள்?

கேள்வி: ஓர் அறிக்கை நேராகச் சட்டமாகிவிடுமா அண்ணா?

பதில்: அபூர்வம். பெரும்பாலும் வருடக்கணக்கில் ஊறித்தான் வெளியே வரும். எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற யோசனையை அதே ஹெரிடேஜ் 1989-ல் முன்வைத்தது. 2006-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் அதைச் சட்டமாக்கியது. 2010-ல் ஒபாமா நாடு முழுவதற்கும் கொண்டுவந்தார், அப்போது ஹெரிடேஜே அதை எதிர்த்தது! பிரிட்டனிலும் அப்படித்தான். அரசியலில் இறங்க நினைத்த தொழிலதிபர் ஆன்டனி ஃபிஷரிடம், முதலில் கருத்தை உருவாக்குபவர்களின் மனத்தை மாற்றுங்கள் என்றார் பொருளாதார அறிஞர் ஹாயக். ஃபிஷர் 1955-ல் பொருளாதார விவகாரங்களுக்கான நிறுவனம் என்ற சிந்தனைக் குழுவைத் தொடங்கினார். தாட்சர் பிரதமரானது 1979-ல்தான், ஆனால் அவர் கையில் எடுத்த சந்தைப் பொருளாதார யோசனைகளை அந்த நிறுவனம் அதற்குள் இருபது வருடத்துக்கு மேலாகப் பேசி, அச்சிட்டு, பத்திரிகைக்காரர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் பழக்கப்படுத்தியிருந்தது.

கேள்வி: லாபி செய்பவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: லாபி செய்பவர், அதாவது ஒரு தரப்புக்குச் சாதகமாக முடிவெடுக்கும்படி அரசை வற்புறுத்துபவர், யாருக்காகப் பேசுகிறார் என்பது தெரியும். சிந்தனைக் குழு பொதுநலனுக்காகப் பேசுவதாகச் சொல்கிறது. சில இடங்களில் இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு அழிந்தே போய்விட்டது.

கேள்வி: காசு கொடுப்பவர் சொல்வதைத்தானே எழுதுவீர்கள்?

பதில்: நேர்மையாகச் சொல்கிறேன், நான் எழுதிய முடிவை மாற்றச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் ஒருமுறை, நான் இருந்த அமைப்புக்கு நிதி தந்தவரின் தொழிலைத் தொடும் தலைப்பு ஒன்றைக் கொடுத்தேன், யாரும் மறுக்கவில்லை, அதற்கு மட்டும் கடைசிவரை பணம் ஒதுக்கப்படவில்லை. பணம் பெரும்பாலும் பதிலை வாங்குவதில்லை, எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏனென்றால் எழுதப்படாத அறிக்கையை யாராலும் விமர்சிக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் அரசே பணம் கொடுத்து நடத்தினால் சரியாகிவிடுமா?

பதில்: அதிலும் சங்கடம் உண்டு. ராண்ட் என்ற புகழ்பெற்ற அமெரிக்கச் சிந்தனைக் குழுவே 1946-ல் அமெரிக்க ராணுவத்தின் வான்படைப் பணத்தில் தொடங்கியதுதான், 1948-ல் தனி அமைப்பானது. நல்ல ஆய்வுகள் நிறைய வந்தன. ஆனால் சம்பளம் தரும் துறையைப் பார்த்து 'இந்தத் திட்டமே தேவையில்லை' என்று எழுத எவ்வளவு துணிவு வேண்டும், யோசித்துப் பாருங்கள். பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிதி வாங்கி, யார் எவ்வளவு தந்தார்கள் என்பதை வெளியிடும் அமைப்பைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

கேள்வி: சாதாரண வாசகர் ஓர் அறிக்கையில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நிதி கொடுத்தவர்கள் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் யாரையெல்லாம் சந்தித்துப் பேசினார்கள் என்று பாருங்கள். கூலித் தொழிலாளர் பற்றிய அறிக்கையில் முதலாளிகளையும் அதிகாரிகளையும் மட்டும் சந்தித்திருந்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். மூன்றாவதாக, எந்த மாற்று வழிக்குச் செலவுக் கணக்கே போடாமல் ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள் என்று தேடுங்கள். நான் அந்த வரியைத்தான் முதலில் தேடிப் படிப்பேன்.