காணாமப் போன அண்ணனுக்கு ஒரு ரூம்

வணக்கம் டொக்டர்,

நான் பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்து எழுதுறேன், பேர் போட வேணாம். எனக்கு ரெண்டு பொம்பள புள்ளைங்க, அம்மாவும் எங்க கூடத்தான் இருக்காங்க, பிரச்சினையே அம்மாதான்.

எங்க அண்ணன் 2003ல, சமாதானம் வந்துருச்சே பயமில்லனு சொல்லிட்டு கிளிநொச்சியில அத்தை வீட்டுக்கு மேசன் வேலைக்கு போனாரு. அத்தை குடும்பம் 77 கலவரத்துல தோட்டத்த விட்டு அடிச்சி வெரட்டுனப்பவே அங்க போய் காடு வெட்டி குடியேறுனவங்க. 2006ல சண்ட திரும்ப தொடங்கி வடக்குக்கு போற பாதைய மூடிட்டாங்க, அண்ணனால திரும்பி வர முடியல. வீட்டுக்கு ஒரு ஆள்னு புலி இயக்கத்துக்கு புடிச்சாங்க, மொதல்ல மச்சான, 2008 கடைசியில அண்ணனையும். அதுக்கப்பறம் ஒரு தகவலும் இல்ல. இங்க லயத்துல யாருக்கும் தெரியாது, கொழும்புல கடையில நிக்கிறாருனுதான் சொல்லி வச்சிருந்தோம், தெரிஞ்சா பொலிஸ் வந்து அப்பாவ தூக்கிட்டு போயிருமே. யுத்தம் முடிஞ்சப்போ டவுன்ல பட்டாசு வெடிச்சி பால்சோறு குடுத்தாங்க, அம்மாவும் கைய நீட்டி வாங்கிட்டு வந்தாங்க, வேணாம்னு சொல்ல முடியுமா.

இப்ப ஏழு பேர்ச்சஸ் காணியில புது வீடு கெடச்சிருக்கு. சின்ன வீடுதான். அதுல ஒரு ரூம பெரியவன் வருவான்னு பூட்டி வச்சிருக்காங்க அம்மா, என் புள்ளைங்க ரெண்டும் ஹோல்ல பாய் போட்டு படுக்குதுங்க, மூத்தவ ஓ லெவல் எழுதப்போறா, படிக்க ஒரு மூல கூட இல்ல. ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணனுக்கு ஒரு சேர்ட் எடுக்கணும், அதுலயும் இப்ப பெரிய சைஸா எடுக்கறாங்க, வயசாயிருக்கும்ல, ஒடம்பு போட்டிருப்பான்னு! குறி கேக்க அட்டன் போறது, பண்டாரவளை போறது, யாரோ சொன்னாங்கனு என் காதுத் தோட்ட அடகு வச்சி பூச செஞ்சது, எல்லாம் என் தலையில. கிளிநொச்சியில 2017ல இருந்து ரோட்டோரமா ஒக்காந்து புள்ளைங்கள கேக்கறாங்களே அந்த தாய்மார டீவியில பாத்துட்டு நானும் போறேன்னு ஐடென்டிகாட் போட்டோவ பெருசாக்கி எடுத்து வச்சிருக்காங்க. அத்தை மகன் செட்டிகுளம் முகாமுல இருந்து வெளிய வந்த பொறகு ஒருதடவ இங்க வந்தாரு, அண்ணன் பங்கருக்கு மண் மூட்ட அடுக்கிட்டு இருக்கும்போது செல் விழுந்துச்சி, அவரோட சாரத்தாலயே மூடி அந்தக் குழியிலயே பொதச்சிட்டோம்னு என்கிட்ட தனியா சொல்லிட்டு போனாரு, சரி அத விடுங்க, அது பழைய கத. அம்மாவுக்கு நான் எவ்வளவு செஞ்சாலும் நீ கல்லு, கூடப்பொறந்தவன நெனச்சி ஒரு சொட்டு கண்ணீர் விட்டியாடினு பக்கத்து வீட்டு ஆளுங்க முன்னாலயே கேக்கறாங்க. செத்தவருக்கு ரூம், உசிரோட இருக்கற எங்களுக்கு பாயா? அம்மாவுக்கு மூளையில ஏதும் பிரச்சினையா, மருந்து குடுத்து சரி பண்ணலாமா, அவங்கள எப்படித்தான் நம்ப வைக்கிறது?

— ஒரு மகள்

அன்புத் தங்கச்சி,

ரூம், சேர்ட், அடகு, எல்லாத்தையும் வாசிச்சேன். ஆனா நீங்க "அத விடுங்க"னு எழுதுனீங்களே, நான் அதத்தான் விடப்போறதில்ல.

2008க்கு பொறகு ஒரு தகவலும் இல்லனு மேல எழுதுறீங்க, கீழ அண்ணன எதால மூடுனாங்கங்கறது வரைக்கும் எழுதுறீங்க. தகவல் இல்லாதது அம்மாவுக்குத்தான்மா. உங்க கடிதம் முழுக்க அம்மா நம்ப மாட்டேங்கறாங்கனு இருக்கு, ஆனா அவங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லையே, எத நம்பறது? கேக்க கஷ்டமாத்தான் இருக்கும், இந்த விஷயத்துல நான் அம்மா பக்கம். தகவல் வராத ஒரு தாய் செய்யறதத்தான் அவங்க செய்யறாங்க. சேர்ட்ட பெரிய சைஸா எடுக்கறத நீங்க பைத்தியம்னு பாக்கறீங்க, எனக்கு அது கணக்கு தப்பாத மூளையா தெரியுது, மகன் இருந்தா இப்ப என்ன வயசு, எப்படி இருப்பான்னு வருஷா வருஷம் சரியா எண்ணிட்டுத்தான் இருக்காங்க. இதுக்கு மருந்து இல்ல.

வியட்நாம் யுத்தத்துல காணாமப் போன அமெரிக்க சிப்பாய்ங்களோட குடும்பங்கள 1970கள்ல ஆராய்ஞ்சவங்க பாலின் பாஸ்ங்கற பேராசிரியர். ஆள் செத்தாரா இருக்காரானு தெரியாம நிக்கிற குடும்பம் அழவும் முடியாம, அடுத்த வேலைய பாக்கவும் முடியாம அப்படியே நின்னு போகுது, கோளாறு அந்த நெலமையிலதான், ஆள்ல இல்லனு அவங்க சொல்றாங்க. இங்கயும் அப்படித்தான். செஞ்சிலுவைச் சங்கத்துல பதிவாகியிருக்க 16,000க்கு மேல காணாமப் போனவங்கள்ல 5,000 பேருக்கு மேல ஆமி, பொலிஸ் ஆளுங்க. சிங்கள கிராமத்துலயும் உங்க அம்மா மாதிரி ஒருத்தர் இருக்காங்கனு வைங்க.

ஆனா உங்க வீட்டு கத இன்னும் கொஞ்சம் மோசம். ஆமியில செத்தவருக்கு கொடி போர்த்தி பெட்டி வந்துச்சி. வடக்குல புலிகள பொதச்ச துயிலுமில்லங்கள இடிச்சதுக்கு பொறகும் நவம்பர் 27 வந்தா அதே எடத்துல போய் விளக்கேத்தறாங்க. உங்க அண்ணன் மேசன் வேலைக்கு போனவரு, துவக்க கையில குடுத்தது அவரு கேட்டு இல்ல, செத்ததும் சண்ட போட்டு இல்ல, மூட்ட தூக்கி. வன்னியில சில பேருக்கு அவரு தோட்டக்காட்டான், இங்க தெரிஞ்சிருந்தா புலி, அதனால நீங்க அவர கொழும்புல கடையில நிக்க வச்சிட்டீங்க. பயந்ததுல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன், அன்னைக்கு மலையகத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. ஆனா செத்த வீடு இல்ல, கருமாதி இல்ல, ஒப்பாரி இல்ல. கடையில நிக்கிறவருக்கு யாரு ஒப்பாரி வைப்பா?

அம்மா தாங்க மாட்டாங்கனு நெனச்சிதான் மறைச்சிருப்பீங்க. இருக்கலாம். பட்டாசு சத்தத்துக்கு நடுவுல பால்சோற வாங்கிட்டு வந்தவங்க அவங்க, எத தாங்குவாங்கனு நீங்க முடிவு பண்ண வேணாம். எனக்கு படறத சொல்றேனே, அம்மாகிட்ட சொன்னா நீங்களும் அழணும். கல்லுனு அவங்க சொன்னது அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு சுட்டிருக்கு. அழுதா கத வெளிய வந்துரும்னு இத்தன வருஷமா அடக்கி வச்சிருக்கீங்க, அது அவங்களுக்கு எப்படி தெரியும்?

நீங்க கேட்ட ரூம் விஷயத்துல அவசரப்பட வேணாம், மூத்தவ படிக்க ஒரு மேசைய உள்ள போட்டுக்கலாமானு அம்மாகிட்டயே கேளுங்க, தொறந்து விட்டாலும் விடுவாங்க. ஆனா மொதல்ல சொல்ல வேண்டியத சொல்லுங்க, தீபாவளி நெருங்குற நேரத்துல மட்டும் வேணாம். அவங்க நம்பாமலும் போகலாம், நம்பிட்டு இத்தன வருஷம் மறைச்சிட்டியேடினு உங்கள திட்டவும் செய்யலாம், அந்தத் திட்ட வாங்கிக்கோங்க. அதுக்கு பொறகும் போட்டோவ எடுத்துக்கிட்டு கிளிநொச்சி போகணும்னா கூட போங்க, தடுக்காதீங்க.

இத நீங்க வாய் வார்த்தையா சொல்றத விட பாத்தவரு வாயால அம்மா கேக்கணும், அவங்க நூறு கேள்வி கேப்பாங்க, உங்ககிட்ட பதில் இருக்காது. அதனால மச்சானுக்கு போன் பண்ணுங்க. கூட இருந்தவன குழியில வச்சி மண்ண தள்ளிட்டு வந்த மனுசன், அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்து உங்க அம்மாகிட்ட சொல்ல முடியாம உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டு கெளம்பியிருக்காரு. இதுவரைக்கும் அவரு எப்படி இருக்காருனு யாராவது கேட்டீங்களா?