கேஸ் இருந்தும் அம்மாவுக்கு ஏன் இந்த இருமல்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 57. பீடி, சிகரெட், புகையிலை எதுவும் கிடையாது. இரண்டு வருடமாகக் காலையில் சளியோடு இருமல். குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை, எக்ஸ்ரேயும் சரி என்றார்கள். வீட்டில் கேஸ் இருக்கிறது. சோறும் குளிக்க வெந்நீரும் மட்டும் விறகடுப்பில். இது ஆஸ்துமாவா, புகையால் வந்ததா?
- வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: புகையால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக (சிஓபிடி) இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. புகைபிடிக்காத பெண்களுக்கும் இது வரும். எக்ஸ்ரே சரியாக இருப்பதால் இல்லை என்றாகிவிடாது. மூச்சுக்குழலின் சிறு கிளைகள் சுருங்கியிருப்பது படத்தில் தெரியாது.

ஸ்பைரோமெட்ரி (கருவியில் ஊதி மூச்சின் வேகத்தையும் அளவையும் பார்க்கும் பரிசோதனை) செய்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். பிறகு மூச்சுக்குழலை விரிக்கும் சால்புட்டமால் மருந்தை இழுக்க வைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போதும் முதல் விநாடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலையானது, அதாவது சிஓபிடி. மருந்துக்குப் பின் அந்த முதல் விநாடிக் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவையும் யோசிப்போம்.

இனி அடுப்பு. குழம்பு 20 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு அண்டா வெந்நீருக்கு முக்கால் மணி நேரம் தீ எரிய வேண்டும். அதிகம் புகையும் வேலைகளை விறகுக்கு விட்டுவிட்டு, லேசானவற்றைத்தான் கேஸுக்கு மாற்றியிருக்கிறீர்கள். விறகு ஈரமாக இருந்தால் சூட்டில் ஒரு பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும், தீ பிடிக்காமல் புகையும். உடனே ஊதாங்குழல். ஊதி முடித்ததும் இழுக்கும் ஆழ்ந்த மூச்சு, முகத்துக்கு ஒரு முழத்தில் எழும் புகையிலிருந்துதான் உள்ளே போகிறது. முந்தானையால் மூக்கைப் பொத்துவதில் பயனில்லை. நுரையீரலின் அடிவரை போகும் துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் சிறியவை, துணி அவற்றைத் தடுக்காது.

சோற்றைக் குக்கருக்கு மாற்றுங்கள். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்தால் கேஸ் குறைவாகவே ஆகும். குக்கர் சோறு ருசிக்காது என்று அம்மா சொல்லக்கூடும். வாரம் ஒருநாள் வேண்டுமானால் விட்டுக்கொடுங்கள், தினமும் வேண்டாம். வெந்நீர் அடுப்பைத் தாழ்வாரத்துக்குக் கீழே வைக்காமல் திறந்த வெளிக்கு மாற்றி, நன்றாக வெயிலில் காய்ந்த, பிளந்த விறகை மட்டும் போடுங்கள். தீ மூட்டுவது அம்மாவாக இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் அடுப்பை மறுபடி உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள், அங்கேதான் எல்லாம் கெடும். புகைபோக்கி வைத்தால் குழாய் கூரையின் உச்சிக்கு மேலே 2 அடியாவது நீண்டிருக்க வேண்டும். கரி படிந்து அடைத்தால் புகை திரும்பி வீட்டுக்குள்தான் வரும்.

சேதமான நுரையீரல் முழுதாகத் திரும்பாது. புகை நின்றால் மேலும் கெடுவது குறையும். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் பழக்கமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் மாட்டும் குழாய் போன்ற கூடு) பொருத்தி, மெதுவாக இழுத்து, 10 விநாடி மூச்சை அடக்கச் சொல்லுங்கள். சளியோடு வரும் இருமலை இருமல் சிரப்பால் அடக்காதீர்கள்.

சளியில் ரத்தம், கால் வீக்கம், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.