தூங்குகிறவரை எழுப்பிப் பேர் கேட்பது எதற்கு?

கேள்வி: எங்க அய்யன் தாராபுரம் ரோட்டில் மொபெட்டிலிருந்து விழுந்து தலையில் அடி. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் ராத்திரி முழுக்க நர்ஸ் வந்து எழுப்பி, பேரென்ன, இது எந்த ஊர், என்ன மாசம் என்று கேட்பதும் கண்ணில் டார்ச் அடிப்பதுமாக இருந்தார். ஒருமுறை தோளைக்கூட இறுக்கிப் பிடித்தார். எழுபது வயசு மனுசனை இப்படிப் படுத்தலாமா?
– ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: உங்க கோபம் புரிகிறதுங்க. ராத்திரி ட்யூட்டியில் "அப்பாவைக் கொஞ்சம் தூங்க விடு கண்ணு" என்று என்னிடமும் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், அப்படியும் எழுப்பத்தான் செய்தேன். தலையில் அடிபட்டவர் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது அது தூக்கமா, நினைவு தப்புகிறதா என்று பார்த்து மட்டும் சொல்ல முடியாது. முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் உள்ளே ரத்தம் மெல்லக் கசியலாம். சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் அப்புறம் திடீரென்று சரிந்துவிடுவார்.

நர்ஸ் போடுவது கிளாஸ்கோ அளவுகோல் மார்க், நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளப்பது. டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974இல் வெளியிட்டது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக 15. எந்த அசைவும் இல்லாதவருக்கும் 3 உண்டு. 8க்கு வந்துவிட்டால் ஆபத்தான நிலை. ஆனால் 8 வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, போன தடவை 15 இருந்தவர் இப்போது 14 என்று ஆகி, அரை மணி நேரம் அப்படியே நின்றாலே டாக்டருக்குப் போன் போக வேண்டும். அதற்குத்தான் திரும்பத் திரும்ப அதே கேள்வி.

உங்களைப் போல உடனிருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான், முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். "பேரென்னங்க" என்றதும் மகன் சொல்லிவிட்டால் அந்தச் சோதனை அங்கேயே வீண். நம்மூர்ப் பெரியவர்கள் மாசம் கேட்டால் "ஆடி" என்பார்கள், தமிழ் மாசம் தெரியாத சிஸ்டர் குழப்பம் என்று எழுதிவிடக்கூடும். அந்த இடத்தில் மட்டும் நீங்கள் விளக்கிச் சொல்லுங்கள். காது மந்தம் என்றாலும், கண்புரை ஆபரேஷன் ஆனவர் என்றாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆபரேஷன் ஆன கண்ணின் பாப்பா சிலருக்குக் கோணலாக இருக்கும். டார்ச் அடிப்பது, வெளிச்சம் பட்டதும் இரண்டு பாப்பாவும் ஒரே மாதிரி சுருங்குகிறதா என்று பார்க்க. ஒன்று மட்டும் பெரிதாகிச் சுருங்காமல் நின்றால் மூளையில் அழுத்தம் ஏறிவிட்டதாக இருக்கலாம்.

தோளை அழுத்துவது, கூப்பிட்டும் தட்டியும் கண் திறக்காதவருக்குத்தான். வலித்த இடத்துக்குக் கை வந்து தட்டிவிடுகிறதா என்று பார்ப்பார்கள். கூப்பிட்டதும் முழித்துப் பேசியவருக்கு அது வேண்டியதில்லை, அப்படிச் செய்திருந்தால் ஏன் என்று நீங்கள் கேட்டிருக்கலாம்.

மற்றபடி இரண்டு கையாலும் விரலை அமுக்கச் சொல்வதும், கண்ணை மூடிக் கையை நீட்டச் சொல்லி ஒன்று மட்டும் தாழ்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. பிரஷர் ஏறிக்கொண்டே போய் நாடித்துடிப்பு குறைந்தால் அது மோசமான அறிகுறி.

கேள்வி: குடித்துவிட்டு விழுந்தவர் உளறினால் மார்க் எப்படிப் போடுவது?
– நர்சிங் மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் அப்படியே போடும்மா. "குடிதான்" என்று நீயாக ஒரு மார்க் கூட்டிவிடாதே. சர்க்கரை பார்த்துவிடு, குறைந்திருந்தாலும் இதே மாதிரிதான் உளறுவார்கள். நேரம் ஆக ஆகப் போதை தெளிய வேண்டும். தெளியாமல் உளறலோ மயக்கமோ கூடினால் உடனே டாக்டரைக் கூப்பிடு, நடுராத்திரியில் திட்டு விழுந்தாலும் சரி.