ஒரு லட்சம் அட்வான்ஸ், கூடவே ஒரு பவரா?

கேள்வி: எனக்கு வயது 63. கணவர் இல்லை. ஸ்ரீரங்கத்தில் என் பெயரில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, பெங்களூரில் மகனோடு இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். 62 லட்சம் என்று இணையத்தில் விளம்பரம் கொடுத்தோம். ராணுவ அதிகாரி என்று ஒருவர் போனில் பேசினார். வீட்டைப் பார்க்க வேண்டாமாம், 65 லட்சம் தருகிறாராம். அட்வான்ஸுக்கு கியூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்யுங்கள் என்கிறார். அவர்மேல் எனக்குச் சந்தேகம். இன்னொருவர் உள்ளூர்க்காரர், தங்கமான மனிதர். இரண்டு தடவை வந்து பார்த்தார், கேட்ட விலைக்குச் சம்மதித்தார். 1 லட்சம் அட்வான்ஸ், 11 மாதம் கெடு. ‘இந்த வயதில் நீங்கள் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அலைய வேண்டாம்’ என்று தன் பெயருக்கு பவர், அதாவது என் சார்பில் வீட்டை விற்கும் அதிகாரப் பத்திரம், பதிந்து தரச் சொல்கிறார். இவருக்கே கொடுத்துவிடலாமா?

பதில்: சகோதரி, பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த ராணுவ அதிகாரி விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரிதான். ராணுவச் சீருடைக்கு நாம் கொடுக்கும் மரியாதையை வைத்தே ஏமாற்றுகிறார்கள். உங்கள் கணக்குக்குப் பணம் வர நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், யுபிஐ பின் நம்பரும் போட வேண்டாம். பின் போட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகும். முதலில் 5 ரூபாய் அனுப்பி நம்பிக்கை வரவைப்பார்கள், அதில் மயங்க வேண்டாம். அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். ஏதாவது பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

எனக்குக் கவலை இரண்டாவது மனிதரைப் பற்றித்தான். அவர் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்பது ஆபத்தானது. 62 லட்சம் வீட்டுக்கு 1 லட்சம் கொடுத்துவிட்டு, 11 மாதம் உங்களைக் காத்திருக்கச் சொல்கிறார். அதற்குள் 70 லட்சத்துக்கு ஓர் ஆள் பிடித்து, பவரை வைத்து அவரே கிரயம் செய்து கொடுக்கலாம். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நீங்கள் வரவே வேண்டாம் என்பதன் பொருள் அதுதான். பணமும் அவர் கைக்குத்தான் போகும். பவரை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு முன்பே அவர் விற்றிருந்தால், வீட்டை மீட்கக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியது நீங்கள்தான்.

பவர் இல்லாமல் வெறும் அக்ரிமெண்ட் என்றாலும் யோசித்துப் போடுங்கள். பதிவு செய்த கிரய ஒப்பந்தம், சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அவர் பாக்கிப் பணம் தராமல் இழுத்தடித்தால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கெடு முடிந்த பிறகும் 3 வருடம் வரை அவர் வழக்குப் போட முடியும். வில்லங்கத்தில் அந்த வரியைப் பார்த்த எவரும் உங்கள் வீட்டை வாங்க வரமாட்டார்கள்.

என் சித்தி இதில் மாட்டிக்கொள்ள இருந்தார். பத்திர எழுத்தர் கடையில் கூட்டம். பக்கங்களைச் சரசரவென்று புரட்டி, “இங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணு” என்று விரல் வைத்துக் காட்டினார் எழுத்தர். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் சித்தி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். ‘கிரயத் தொகை முழுவதையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று இருந்தது. அதுவரை வாங்கியிருந்தது 50 ஆயிரம். “எல்லாருக்கும் இப்படித்தாம்மா போடுறது” என்றார்கள். சித்தி எழுந்து வந்துவிட்டார்.

உள்ளூர்க்காரர் மறுபடி வந்தால் பக்குவமாகவே சொல்லுங்கள். பவர் கிடையாது. அட்வான்ஸ் 6 லட்சமாவது வேண்டும், அதுவும் வங்கிக் கணக்கு வழியாக. வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அந்த அபராதம் வாங்கிக்கொண்ட உங்களுக்குத்தான். கெடு 3 மாதம் போதும், வங்கிக் கடன் வாங்கி முடிக்க அதுவே தாராளம். பெயிண்ட் அடிக்கிறேன் என்று சாவி கேட்டால், கிரயம் முடியட்டும் என்று சொல்லுங்கள். ஒரிஜினல் பத்திரத்தையும் அதுவரை கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். வக்கீல் பார்க்க ஜெராக்ஸ் போதும், குறுக்கே ‘விற்பனைப் பரிசீலனைக்கு மட்டும்’ என்று எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள். பணம் போட்டாகிவிட்டது என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினால், வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் வரவு ஏறியதைப் பார்த்துவிட்டே கையெழுத்து.

நிஜமாகவே வாங்க வந்தவர் இதற்கெல்லாம் பேரம் பேசுவார். அட்வான்ஸைக் கொஞ்சம் குறைப்பார், ஒரு மாதம் கூடக் கேட்பார். அதைக் கொடுக்கலாம். பவர் இல்லையென்றால் வேண்டாம் என்று அவர் விலகினால், விட்டுவிடுங்கள்.

அப்புறம், மகனை இரண்டு நாள் லீவு போட்டு வரச் சொல்லுங்கள். பத்திரத்தின் வரைவை முதல் நாளே வீட்டுக்கு வாங்கி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருவரும் வரிக்கு வரி படியுங்கள். தெரிந்த வக்கீல் இருந்தால் அவரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.