பெயர்த்து வைத்த வீடு

அன்புள்ள ஐயா,

ருஷ்யாவின் ஒனேகா ஏரியிலுள்ள கிஷி தீவு அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டிய மரத் தேவாலயம் பிரமிப்பாக இருந்தது. ஆனால் ஒஷெவ்னெவ் வீடு என்ற, கரேலியர் இனத்தவரின் வீட்டை வேறு ஊரிலிருந்து பெயர்த்து வந்தார்களாம். சினிமா செட்டுக்குள் நின்றதுபோல் ஆகிவிட்டது. இங்கெல்லாம் குழந்தைகளைக் கூட்டிப்போவதில் பயன் உண்டா?

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆணிக் கதையை மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள். 1714இல் எழுப்பிய அந்தத் தேவாலயத்தின் சுவர்கள்தாம் வெட்டிக் கோத்தவை. 22 குவிமாடங்களின் மேலுள்ள ஆஸ்பென் மரச் செதில்கள் ஆணியடித்தவைதான். அப்புறம், ஒஷெவ்னெவ் வீடு கரேலியருடையதே அல்ல, அந்த ஏரிப்பகுதி ருஷ்ய விவசாயியின் வீடு. கரேலியர் வீடு, யாகொவ்லெவ் வீடு என்ற பெயரில் அதே தீவில் நிற்கிறது. பெயர்ப்பலகையைக்கூடப் படிக்காமல் செட் என்று எழுதுகிறீர்கள்!

சரி, அது போகட்டும். ‘பெயர்த்து’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. 1876இல் கட்டிய ஒஷெவ்னெவ் வீடு, 1951இல் கிஷிக்கு வந்தது. அதனால் என்ன குறைந்துவிட்டது? கட்டை வீட்டில் சாந்து கிடையாது. கட்டையின் முனையில் பள்ளம் வெட்டி, அடுத்ததை அதில் உட்காரவைத்து, இடுக்கில் பாசியைத் திணிப்பார்கள். எண் போட்டுப் பிரித்தால் மறுபடி அடுக்கலாம். அழுகியதை மட்டும் மாற்றலாம். அந்தத் தேவாலயத்தையே மேல்பகுதியைத் தூக்கி நிறுத்திவிட்டு, கீழிருந்து அடுக்கடுக்காகப் பிரித்துச் செப்பனிட்டார்கள். 2020இல்தான் வேலை முடிந்தது. அதையும் செட் என்பீர்களா?

நான் போன அன்று நல்ல மழை. ஒஷெவ்னெவ் வீட்டில் மனிதர் தூங்கும் அறைகளும் மாட்டுத் தொழுவமும் ஒரே கூரையின் கீழ். தொழுவத்துக்கு மேலே வைக்கோல் பரண். குதிரைவண்டியே ஏறிப்போகும்படி வெளியே சாய்வுப் பாதை. பனிக்காலத்தில் வாசலைத் தாண்டாமலே மாட்டுக்குத் தீனி வைக்கலாம். எல்லாம் இருந்தது, மாட்டு வாசனையைத் தவிர. போலி என்று சொல்வதானால் அந்தச் சுத்தத்தைச் சொல்லுங்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, தரைப்பலகையில் மண்டியிட்டு முகர்ந்து பார்த்தேன். காவலுக்கு இருந்த அம்மாள் நான் எதையோ தொலைத்துவிட்டதாக நினைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானும் குனிந்து தேட ஆரம்பித்தார்.