திருகோணமலையை வைத்து எழுதும் பேன்டசி நாவலும் ஏன் ஆங்கில நாவலின் நகல் போலத் தெரிகிறது?

நீங்கள் தந்த கதைச்சுருக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: இராவணன் வெட்டுக்கு (கோணேசர் கோயிலடிப் பாறைப் பிளவு) அடியில் கிடக்கும் மாய வாள், அதைத் தேடிப் போகும் அநாதைப் பையன், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏழாவதில் குளித்தால் கேட்கும் செத்தவர் குரல். வாளையும் பையனையும் விட்டுவிடுங்கள். கிணறுதான் உங்கள் நாவல்.

இரவல் வாங்குவது குற்றமே இல்லை. 1937இல் வெளிவந்த 'தி ஹாபிட்' நாவலின் குள்ளர் பெயர்களில் பெரும்பாலானவை ஸ்கண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழிக் கவிதையொன்றில் இருந்து எடுத்தவை. நாவலை எழுதிய டோல்கீன் அந்த மொழிக்குள் ஊறிய பேராசிரியர். பின்னால் வந்த பலர் மூலத்துக்குப் போகாமல் அவரிடமிருந்தே எடுத்தார்கள். பனியே விழாத ஊர்க் கதையிலும் ஓநாய் ஊளையிடுவது அதனால்தான்.

உங்களுக்கு மூலம் பக்கத்திலேயே இருக்கிறது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்திய ஏழு இடங்கள் என்பது கன்னியாவின் ஐதீகம். செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு சனம் அங்கே போவது வழக்கம். அந்தியேட்டி பொதுவாக செத்த 31ஆம் நாள். அப்படியென்றால் மாயத்துக்கான எல்லை ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது: 31ஆம் நாளோடு குரல் நின்றுவிடும். எல்லை இல்லாத மாயம் எந்தச் சிக்கலையும் ஒரே அடியில் தீர்த்துவிடும், பிறகு கதைக்கு வேலையில்லை.

அடுத்து விலை. ஒரு தடவை குரல் கேட்டால் கேட்டவருக்கு என்ன போகும்? செத்தவரின் முகம் மறந்துபோகும் என்று வையுங்கள். இனி இந்த விதி ஊரை என்ன செய்யும் என்று பாருங்கள். காணிச் சண்டையில் செத்த தகப்பனே சாட்சி. காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசுக்குப் பிழைப்பு போய்விடும். கொலை செய்தவன் முதலில் கிணற்றடிக்குத்தான் காவல் போடுவான். மூத்த மகன் யாழ்ப்பாணத்திலிருந்து தோணியில் வரவேண்டும், மாதமோ மார்கழி, வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கிறது. நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதையை வேறு ஊரில் நடத்தவே முடியாது.

மொழிக்கு வருவோம். "காலத்தின் இருண்ட நிழல்கள் அவனைச் சூழ்ந்தன" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் பார்க்க எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "வாளித் தண்ணீர் தலையில் சுட்டது. கிணற்றுக்குள் அப்பா இருமினார்." இருமலைக் கேட்டதும் வாசகருக்கு மயிர் கூச்செறியும். பயம் என்ற சொல்லே வேண்டாம்.

உரையாடலில்தான் தமிழ் பேன்டசி அதிகம் சறுக்குகிறது. "மைந்தனே, எந்நிலத்தை வினவுகிறாய்?" என்றால் மேடை நாடகம். "எந்தக் காணியைக் கேக்கிறாய் தம்பி?" என்று தகப்பன் கேட்கட்டும். அரசனுக்கு ஒரு தமிழ், ஆட்களுக்கு ஒரு தமிழ் என்று பிரித்தால் முதல் அத்தியாயத்திலேயே பிரித்து, கடைசிவரை மாற்றாமல் வையுங்கள். பாதியில் மாறினால் அந்த உலகத்தின் மீதிருந்த நம்பிக்கை போய்விடும்.

முதல் மூன்று பக்கத்தில் இருக்கும் வம்ச வரலாற்றை வெட்டி வேறு கோப்பில் போடுங்கள். எழுத உங்களுக்கு அது தேவை, வாசகருக்கு இப்போது தேவையில்லை. கதையை 29ஆம் நாள் விடியற்காலையில், தோணி இன்னும் வராத நேரத்தில் தொடங்குங்கள்.