இரண்டு பேரும் விழுந்தார்கள், மதிப்பெண் மட்டும் ஏன் வேறு?

அன்புள்ள சார்,

ஃபிகர் ஸ்கேட்டிங் சீசன் தொடங்கிவிட்டது! இளையோருக்கான சர்வதேசத் தொடரான ஜூனியர் கிராண்ட் பிரீயின் முதல் போட்டியை யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. வீட்டில் பேசலாம் என்றால் "எல்லாம் ஒரே குதிதானே" என்கிறார்கள். நான் பின்தொடரும் பெண் ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட நிகழ்ச்சியில் டிரிபிள் லட்ஸ் (காற்றில் மூன்று முறை சுற்றும் குதி) போட்டு விழுந்து நான்காவதாக வந்தாள். இன்னொரு பெண்ணும் அதே லட்ஸில்தான் விழுந்தாள், ஆனால் அவளுக்கு அவ்வளவு மதிப்பெண் போகவில்லை. ஏன் சார்? இவளுக்கு இந்த வருடம் அவ்வளவுதானா?

வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள வாசகிக்கு,

விழுந்ததற்கான தண்டனை இருவருக்கும் ஒன்றுதான். விழுவதற்கு முன் காற்றில் எவ்வளவு சுற்றினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

2018-இல் வந்த அடிப்படை மதிப்புகளை வைத்துக் கணக்குப் போடுவோம். டிரிபிள் லட்ஸின் அடிப்படை மதிப்பு 5.90. விழுந்தால் குதியின் தரத்துக்கு நடுவர்கள் -5 போடுவார்கள். ஒரு படிக்கு 10 சதவீதம் என்பதால் பாதி, அதாவது 2.95, காலி. விழுந்ததற்கென்று தனியாக 1. மிச்சம் 1.95. கால் சுற்றுக்கு மேல் குறைந்திருந்தால், 2020-இல் வந்த விதிப்படி அடிப்படை மதிப்பே 80 சதவீதமாகி 4.72-இல் தொடங்கும், கழித்தபின் 1.36. அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் அதற்கு டபுள் லட்ஸின் (இரண்டு சுற்று) மதிப்பைத்தான் கொடுப்பார்கள்: 2.10. அதில் பாதியும் 1-உம் போனால் கையில் நிற்பது 0.05.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ரீப்ளேயில் பிளேடு ஐஸைத் தொடும் கணத்தில் நிறுத்துங்கள். முழுதாகச் சுற்றியவருக்குப் போகிற திசையில் குதிகால் முன்னால் இருக்கும். பிளேடு குறுக்கே கிடந்தால் கால் சுற்று குறைவு. விரல் முனை முன்னால் இருந்தால் அரைச் சுற்று போயிற்று. கேமரா கோணம் ஏமாற்றும் என்பதால் மதிப்பெண் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். போட்டி முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் வரி வரியாக பிடிஎஃப் போடுகிறார்கள். குதியின் பெயருக்குப் பக்கத்தில் < ஒன்று இருந்தால் முதல் வகைக் குறை, இரண்டு இருந்தால் அரைச் சுற்று. சரியாகக் கால் சுற்று என்றால் 'க்யூ' என்ற எழுத்து: அடிப்படை மதிப்பு குறையாது, நடுவர்கள் மட்டும் குறைப்பார்கள். 'இ' என்றிருந்தால் தவறான எட்ஜ், அதாவது பிளேடின் தவறான விளிம்பு. லட்ஸ் பிளேடின் வெளி எட்ஜிலிருந்து எழும்ப வேண்டியது. வந்த வளைவுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டியிருப்பதால் கணுக்கால் கடைசி நொடியில் உட்பக்கம் சாயப் பார்க்கும். சாய்ந்தால் அது உள் எட்ஜிலிருந்து எழும்பும் ஃப்ளிப் என்ற வேறு குதி ஆகிவிடுகிறது. கோடையில் புது பூட்ஸ் மாற்றி, பிளேடு இம்மியளவு தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தாலும் இந்தச் சாய்வு வரும். ஜூனியர்களுக்கு உயரமும் கூடிக்கொண்டே போகிறது. நீண்ட உடம்பை அதே வேகத்தில் சுற்ற முடிவதில்லை.

அவள் அந்த லட்ஸை டிரிபிள் டோ லூப் என்ற இன்னொரு குதியோடு சேர்த்துப் போடத் திட்டமிட்டிருந்தாளா என்று பாருங்கள். அப்படியென்றால் விழுந்ததும் டோ லூப்பின் 4.20 போச்சு. பிறகு இன்னொரு லட்ஸைத் தனியாகப் போட்டால் அது 'ரெப்', அதாவது திரும்பப் போட்டது என்று 70 சதவீதமாகும்: 5.90-க்குப் பதில் 4.13. கெட்டிக்கார ஸ்கேட்டர் விழுந்து எழுந்த கையோடு, விட்டுப்போன டோ லூப்பை இரண்டாவது லட்ஸோடு ஒட்டிவிடுவார். இசை ஓடிக்கொண்டிருக்க இந்தக் கணக்கு மண்டையில் ஓட வேண்டும். எனக்கு சீசன் ஆரம்பத்தில் பதக்கத்தைவிட இதுதான் முக்கியம்.

அவ்வளவுதானா என்றால், இல்லை. தாளில் ஸ்பின், ஸ்டெப் வரிகளைப் பாருங்கள். எவ்வளவு கடினம் என்பதைப் பொறுத்து இவற்றுக்கு நிலை தருவார்கள். கால் மாற்றிச் சுற்றும் கூட்டு ஸ்பின் நான்காம் நிலைக்கு 3.50, இரண்டாம் நிலைக்கு 2.50. ஸ்டெப் சீக்வென்ஸ் என்ற காலடி வரிசைக்கு 3.90-உம் 2.60-உம். இரண்டிலும் நிலை தவறினால் 2.30 நஷ்டம். புது நிகழ்ச்சியில் இது சகஜம்: ஸ்பின்னில் உடம்பை ஒரு தோரணையில் வைத்து இரண்டு முழுச் சுற்று நிற்காமல் அடுத்ததற்குத் தாவினால் அந்தத் தோரணை கணக்கிலேயே வராது. இவையெல்லாம் ஒரு புதுக் குதிகூட இல்லாமல் டிசம்பருக்குள் ஏறக்கூடியவை. டிசம்பர் இறுதிப் போட்டிக்குத் தேர்வாவதற்கான கணக்கில் நான்காம் இடத்துக்கு 9 புள்ளி. இரண்டாவது போட்டி கிடைத்து ஜெயித்தால் இன்னும் 15.

செப்டம்பர் போட்டிகளை ஒத்திகை என்று தள்ளாதீர்கள். அமெரிக்க ஸ்கேட்டர் இலியா மலினின் உலகின் முதல் குவாட் ஆக்ஸலை (நாலரைச் சுற்றுக் குதி) போட்டது 2022 செப்டம்பர் 14, அமெரிக்காவின் லேக் பிளாசிடில், ஒரு சின்னப் போட்டியில். அப்போது வயது 17.

சீனியர் கிராண்ட் பிரீக்கு நேரம்: ஜப்பானில் மாலை 7 மணி நமக்குப் பிற்பகல் 3.30. பிரான்ஸில் இரவு 8 நமக்கு 11.30, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்குப் பிறகு 12.30. அமெரிக்க மேற்குக் கரையின் இரவு 7 நமக்கு மறுநாள் காலை 7.30, நவம்பர் முதல் ஞாயிறு தாண்டினால் 8.30. ஜப்பானின் என்ஹெச்கே டிராஃபி வருவது நவம்பரில். கடலூரில் அந்த மாதம் கரண்டும் நெட்டும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோ நின்றால் பிடிஎஃப்பையாவது இறக்கிவிடுங்கள், சின்னக் கோப்புதான்.